ரப்பர் மேல் நின்ற வீடு

ஆனந்தவள்ளியின் வீடு லாரியில் ஏறி வந்தது. சுவர், கதவு, கூரை எல்லாம் தொழிற்சாலையிலேயே பூட்டி முடித்த இரும்புச் சட்ட வீடு. திருச்சி மன்னார்புரம் சிக்னலில் லாரி நின்றபோது, பின்னால் ஆட்டோவில் வந்தவளுக்குத் தன் அடுப்படி ஜன்னல் வழியே வானம் தெரிந்தது. அன்று முதல் எல்லாமே பாதிக் கனவுதான்.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடம் ரயில் பாலத்துக்குப் பக்கத்து மனையில் வீட்டை இறக்கினார்கள். பால் காய்ச்சிக் குடியும் வந்தாயிற்று. பேங்க் கடன் கைக்கு வருவதுதான் பாக்கி. அவள் பேரில், அரசாங்க மானியத்தோடு வரும் கடன். பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்து, இது நகராத வீடு என்று எழுதித் தர வேண்டும். தராவிட்டால் கடன் வராது; பணம் கிடைக்காத வீட்டுக் கம்பெனிக்காரன் கிரேனோடு வந்து வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

அவளுக்கோ அது இப்போதே போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் போதும், வீடு மெல்லக் கிளம்பி கொள்ளிடத்து மணல்மேல் மிதக்கும். நாணல் பூவெல்லாம் ஜன்னலை உரசும். திடுக்கிட்டு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வாள். பாலத்தில் ரயில் போகும். ஆனால் வீட்டைத் தொடாமல், மேகம் போவதுபோல் போகும்.

"பாத்தியா வள்ளி, என்ன அமைதி!" என்பார் புருஷன் மாத்ருபூதம். ரயில்வேயில் தண்டவாளம் பூட்டி ரிட்டயரானவர். அந்தப் பெருமை முகத்தைப் பார்த்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

இன்ஜினியர் நிஷா வந்தாள். டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் குனிந்தவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"சார், தூணுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவுல இது என்னங்க?"

"ரப்பர்ம்மா. தண்டவாளத்துக்கு அடியில வைப்போமே, அதான். நானே சொல்லி வைக்க வச்சேன்."

"போல்ட்டும் லூசா இருக்கே?"

"இறுக்கினா ரப்பர் நசுங்கிடும்ல?"

"பெருங்காத்து அடிச்சா வீடு கெளம்பிடும் சார். தூணோட அடித்தகடு நேரா காங்கிரீட்டுல உக்காரணும், போல்ட் முழுசா ஏறணும். இப்படியே இருந்தா நான் பாஸ் பண்ண முடியாது."

"என் ரப்பர் மேல முப்பது வருஷம் ரயிலே ஓடியிருக்கும்மா!"

"ஓடத்தானே சார் போட்டீங்க? வீடு ஓடக் கூடாதே."

சரிசெய்தால் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு அவள் போனாள். மாத்ருபூதம் வாசற்படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கழட்ட மாட்டேன். கிரேன் வந்தா வரட்டும்."

"ஏங்க, யாருக்காக இந்த ரப்பர்?"

"வேற யாருக்கு? பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ரயில் போனா கட்டிலே ஆடும். நீ புரண்டு புரண்டு படுப்ப. இனிமேயாவது அதிராம தூங்கட்டும்னுதான்..."

ஆனந்தவள்ளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"புரண்டது உங்க குறட்டைக்குங்க! ரயில் அதிர்ந்தாத்தான் எனக்குக் கண்ணே அசரும். இங்க வந்து பொட்டுத் தூக்கம் கிடையாது."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

அவர் வாசற்படியை விட்டு எழுந்தார். கம்பெனிக்குப் போன் போட்டார்.

கம்பெனி ஆட்கள் ஜாக்கி வைத்துத் தூக்கி, ரப்பரை உருவி, தகட்டைக் காங்கிரீட்டில் உட்கார வைத்து போல்ட்டுகளை முறுக்கினார்கள். கடைசி போல்ட்டை மாத்ருபூதம்தான் முறுக்கினார். ஸ்பானரை யாருக்கும் தரவில்லை.

நிஷா மறுபடி வந்தது ஒரு மத்தியானம். அவள் வீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருக்க, ஆனந்தவள்ளி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாலத்தில் ரயில் ஏறியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன. தரையிலிருந்து அந்தப் பழைய நடுக்கம் உள்ளங்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, முதுகைத் தட்டிக்கொடுத்தது. கொள்ளிடமும் மணலும் நாணலும் ஜன்னலுக்கு வெளியே ஓடின. வீடு மட்டும் நின்றது.

எங்கோ தூரத்தில் பேச்சுக் கேட்டது.

"நடுங்குதே, பரவாயில்லையாம்மா?"

"மண்ணைப் பிடிச்சிருக்கு சார், அதான் மண்ணோட சேந்து நடுங்குது. பாஸ். வீட்டு முன்னால அம்மாவை நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்துட்டா முடிஞ்சது. எங்க அவங்க?"

"தூங்குறாம்மா. எழுப்பட்டுமா?"

"அய்யோ, வேணாம். இருக்கட்டும். நான் வெயிட் பண்றேன்."