நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்

"இதுல யாரு யாருக்குக் கல்யாணம் பண்ணி வைக்கறாங்க?" என்று ஹெலனா கேட்டதும் பிள்ளைகள் ஒரே குரலில் "ஃபாதர்" என்றார்கள். மாதா கோயிலின் மறைக்கல்வி வகுப்பின் நடுவே பொய்க் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையாக நின்ற கி-போம் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"இல்ல. பொண்ணும் மாப்பிள்ளையும்தான் ஒருத்தருக்கொருத்தர் இந்தக் கல்யாணத் திருவருட்சாதனத்தைக் குடுத்துக்கறாங்க. ஃபாதர் சாட்சி."

"அப்ப அவர் இல்லாம வீட்லயே குடுத்துக்கலாமா டீச்சர்?"

"கூடாது. அவர் முன்னாடி குடுத்தாத்தான் செல்லும்."

"எங்க சித்தப்பா மண்டபத்துல பண்ணிக்கிட்டாரு. செல்லாதா?"

ஹெலனா அடுத்த பாடத்தை எடுக்கச் சொன்னாள். முன்வரிசையில் அவள் மகள் ஸோ-யுல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹெலனாவின் கல்யாணமும் ஜோன்ஜு நகரில் ஒரு மண்டபத்தில்தான் நடந்தது. கணவன் டே-சிக்குக்குச் சாமி நம்பிக்கை இல்லை. கோயிலில் அனுமதி கேட்க மாமியாருக்குப் பொறுமை இல்லை. கோயிலில் நடக்காத கல்யாணம் என்பதால் அன்றிலிருந்து அவளுக்குப் பூசையில் நற்கருணை அப்பம் கிடையாது. கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்காததால் முந்தைய பங்குத்தந்தை, "சீக்கிரம் அவரைக் கூட்டிட்டு வாம்மா" என்று சொல்லி வகுப்பை மட்டும் கொடுத்திருந்தார். நாளை ஸோ-யுலுக்குப் புதுநன்மை, முதன்முதலாக அந்த அப்பத்தை வாங்கும் நாள். பிள்ளையோடு தாயும் நின்று வாங்குவது இந்தப் பங்கின் வழக்கம். இன்று நாலு மணிக்கு டே-சிக் வந்து, பங்குத்தந்தை முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும், கல்யாணம் செல்லும், நாளை அவளும் வாங்கலாம். வருகிறேன் என்று இறைச்சியைச் சுட்டுத் தின்றபடியே சொல்லியிருந்தான்.

மணி நாலைத் தாண்டியது. சாட்சிக்கு வந்த இரண்டு பெண்களும் புதுச் செருப்பைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டார்கள். "எங்க வீட்டுக்காரர் நேரத்துக்கு வந்துட்டாரு, ஆனா மந்திரம் முடியறதுக்குள்ள தூங்கிட்டாரு" என்றாள் ஒருத்தி. ஹெலனா சிரித்துவிட்டு வெளியே போய் அழைத்தாள். காற்று இரைச்சலோடு அவன் குரல் வந்தது.

"மலை மேல இருக்கேன். மலையேறுற கிளப் ஆளுங்க விடல, கள்ளு வேற ஊத்திட்டாங்க."

"வர்றேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அப்புறம் யோசிச்சேன். இத்தனை வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினது செல்லுமா செல்லாதான்னு அந்தச் சின்னப் பையன் ஃபாதர் சொல்லணுமா?"

"எனக்காக வேணாம். ஸோ-யுலுக்காக."

"அவளுக்காகத்தான் நாளைக்கு வர்றேனே. பூ கூட சொல்லி வெச்சிட்டேன்."

அவள் உள்ளே வந்தபோது இளம் பங்குத்தந்தை சடங்குக்குப் போட்டிருந்த தோள்பட்டியை மடித்துக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம் வெச்சுக்கலாம் ஹெலனா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நாளை போனபின் அடுத்த வாரத்தில் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு நடக்கையில் ஸோ-யுல், "நீயும் என்கூட வாங்குவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா" என்றாள்.

மறுநாள் டே-சிக் வந்தான். கருநீல சூட், மற்ற எவர் கையிலும் இல்லாத பெரிய பூங்கொத்து. பெற்றோர்கள் அவனுக்கு வழிவிட்டார்கள். பீடத்துக்குப் பக்கவாட்டில் போய் நின்று கைபேசியை உயர்த்தினான்.

ஸோ-யுல் அப்பத்தை நாவில் வாங்கினாள். பக்கத்தில் ஹெலனா, அப்பம் வேண்டாம், ஆசி மட்டும் என்பதற்கு அடையாளமாக, மார்பில் கைகளைக் குறுக்காக வைத்துக் குனிந்தாள். பங்குத்தந்தையின் கை அவள் தலைமேல் ஒரு கணம் நின்று, அடுத்த தாயின் வாய்க்குப் போனது.

"ஏய், நீ குனிஞ்சிட்ட, முகமே விழல" என்று டே-சிக் ரகசியக் குரலில் சொன்னான். "இன்னொரு தடவை போய் வாங்கேன்."

ஸோ-யுல் அப்பத்தை விழுங்காமல், கன்னத்தில் ஒதுக்கியபடி, அம்மாவின் மூடிய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.