பாதி நாவலுக்கு ஒரு சிபாரிசு

கடல் கடந்து வந்து நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் எந்தப் பெண் எந்த நாவலைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வயசுக்கு வந்த பெண்களெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். எனக்குப் பதினேழு வயது. என் வாப்பா காதர் மைதீனின் மளிகைக் கடைப் பின்கட்டில் ஒரு பெட்டி நிறைய நாவல்கள் இருந்தன. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. என்னை விட்டால் அங்கே வேறு பண்டிதை கிடையாது.

எல்லாம் புத்தம்புது நாவல்கள். சண்டையால் கப்பல் போக்குவரத்து நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாத்தியார் மதராசிலிருந்து வரவழைத்தவை. ஊரை விட்டுப் போகும்போது எங்கள் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். வாப்பாவோ பொட்டலம் மடிக்கக் காகிதம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். அழுது அடம்பிடித்து அவரிடம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தேன். நானும் பக்கத்து வீட்டு விஜயாவும் படித்து முடித்த பக்கங்களை மட்டும் முன்னாலிருந்து கிழித்துக்கொள்ளலாம், மீதியைத் தொடக்கூடாது.

அந்த வாரம் ஒரு நாவலைப் பாதி வரை படித்தேன். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது என் கொள்கை. வேலி ஓட்டை வழியாக அதை விஜயாவிடம் நீட்டி, "இந்த மாதிரி கதை இதுவரைக்கும் வந்ததே இல்லடி. உன் வயசுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு" என்றேன்.

விஜயாவுக்குப் பதினைந்து வயது. சிப்பாய்களுக்குப் பயந்து அவள் கூந்தலை ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டியிருந்தார்கள். அதுவும் போதாதென்று அவள் அப்பா தம்பிராஜா, செங் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். கழுத்தில் தாலி இருந்தால் ஜப்பான்காரன் தொடமாட்டான் என்று அப்போது ஒரு நம்பிக்கை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது.

நாவலிலும் அதே சங்கடம்தான். அவசரக் கல்யாணம் வேண்டாம் என்று கதாநாயகி உள்ளுக்குள் மருகுகிறாள். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து இறங்குகிறார்கள். அதுவரைதான் நாங்கள் இருவரும் படித்தோம். படித்த பாதியைக் கிழித்துக்கொள்ளச் சொல்லி, முதல் தடவையாக ஒரு புத்தகத்தைப் பாதியிலேயே கடையில் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மீதியை எடுக்கப் போனால் முதல் பாதி அப்படியே இருந்தது. பின்பாதியைக் காணோம்.

"முன்னால இருந்துதானே வாப்பா கிழிக்கச் சொன்னேன்!"

"முன்னால இருந்துதான் புள்ள கிழிச்சேன்."

அவர் மேல் குற்றமில்லை. வாப்பாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அவர் படித்ததெல்லாம் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய கிதாபுகள். அவை வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் முடியும். எங்கள் நாவலின் கடைசிப் பக்கம் அவருக்கு முதல் பக்கம். கதையின் முடிவு மிளகாயையும் கருவாட்டையும் சுமந்துகொண்டு ஊரெல்லாம் போய்விட்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மதியம் சோறே இறங்கவில்லை.

சாயங்காலம் விஜயா வேலியோரம் காத்திருந்தாள்.

"கதையில அந்தப் பொண்ணு என்ன சொன்னா ஷரீஃபா? நாளைக்கு அவங்க வர்றாங்க. அவ சொன்னதையே நானும் சொல்லிடறேன்."

விஜயா போய்விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வாய் தானாகத் திறந்தது.

"மாட்டேன்னு சொல்லிட்டா."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "நெசமாவா? அப்புறம் அவங்க அப்பா என்ன செஞ்சாரு? அடிச்சாரா? அதுக்கப்புறம் அவளுக்கு ஒண்ணும் ஆகலியே?"

நாளைக்கு அடி விழுந்தால் விழுவது இவள் முதுகில். இவளுக்கு நாளைக்கு ஏதாவது ஆனால்?

"பொய்டி. முடிவை நான் படிக்கவே இல்ல. வாப்பா கிழிச்சிட்டாங்க. நீ இங்கேயே இருக்கணும்னு எனக்கு ஆசை, அதான் சொல்லிட்டேன்."

"படிக்காமலா அவ்வளவு புகழ்ந்தே?"

"ஆமா."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப் போனேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சரி, அவ என்ன சொன்னாளோ, அது அவ பாடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கப் பக்கத்து வீட்டுச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வாப்பா கடை திறந்த நேரம் தம்பிராஜா மாமா வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"காலையிலயே தோட்டத்துக்குப் போயி, வர வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன் மைதீன். ராத்திரி எம் முன்னால வந்து நின்னு, 'எனக்குப் பயமா இருக்குப்பா. ஜப்பான்காரனைவிட இந்தக் கல்யாணம்தான் பயமா இருக்கு'ன்னு அழுதா. பொறந்ததுலேர்ந்து எம் முகத்தைப் பார்த்து அவ ஒண்ணும் கேட்டதில்லப்பா."

பிறகு திரைப் பக்கம் திரும்பினார்.

"ஷரீஃபா, இன்னும் எத்தனை நாள் அவளை வீட்டுக்குள்ள வச்சிருக்கணுமோ தெரியல. அவ வயசுக்கு ஏத்த கதையா ஒண்ணு, நீயே பார்த்து எடுத்துக் குடும்மா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்த வாய்க்கு அன்று ஒரு தலைப்புகூட வரவில்லை. பெட்டியைத் திரைக்கு வெளியே தள்ளினேன். வாப்பா தராசிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பொட்டலக் காகிதம் போகிறதே என்று தடுக்காமல் மறுபடி நிறுக்கத் தொடங்கினார்.

"பெட்டியோட தூக்கிட்டுப் போங்க மாமா. எது வேணும்னு அவளே பார்த்து எடுத்துக்கட்டும்."