கடிபட்ட கேரட்டும் பதினேழு அங்குலமும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை எனக்குத் தானாக உதிக்கவில்லை. கொடைக்கானலில் என் வீட்டுக்கு வாராவாரம் காய்கறி கொடுக்கும் மகாதேவி, போன மாதம் ஒரு பை கேரட்டை வாசலில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"சார், எழுதுறவருதான நீங்க? என் காரைப் பத்தி எழுதுங்க. ஆனா ஊரு போய்ச் சேர்ந்துருச்சுன்னு எழுதணும்."

கார் அப்போது எங்கும் போய்ச் சேரும் நிலையில் இல்லை. அதன் டயர்கள் தேய்ந்து, ரிம்கள் வளைந்து கிடந்தன. கேரட் நன்றாக இருந்ததால் நானும் தலையாட்டிவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: பனி கவிழ்ந்த ஒரு மலைக்காலையில், சிவந்த அந்தக் கார்

(வேண்டாம். இங்கே பனி கவிழாத காலை இருந்தால்தான் செய்தி.)

இரண்டாம் முயற்சி: வேகம் என்பது மனிதனின் ஆதி

(இது அதைவிட மோசம்.)

மூன்றாவது: மன்னவனூர் மகாதேவிக்கு நாற்பத்து நான்கு வயது. பூண்டும் கேரட்டும் போடுகிறார். கணவர் முத்துராஜ் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். மலைக்கு வந்து போகும் ஒரு பணக்காரர், இந்த ரோடு தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆகாது என்று வெறுத்துப்போய் விற்றபோது, மகாதேவி அதை வாங்கி, கொடைக்கானலிலேயே நிறுத்தி வைத்தார். இரண்டே சீட்.

"எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"இருபது வருசமா அவரு லாரில, கியருக்கும் மூட்டைக்கும் நடுவுல காலை மடக்கி உக்காந்து போறேன் சார். இதுல ஏறிப் பாத்தேன். காலு நேரா நீளுது."

இந்த இடத்தில் கதை உருக்கத்தின் பக்கம் சாயப் பார்த்தது. நகைச்சுவைக் கதைக்கு அது ஆகாது என்பதால் அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

3

பாடம் நடத்த வேண்டிய பகுதி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் பிறகு என்னைக் கேட்கக் கூடாது.

மகாதேவிக்குப் பத்தொன்பது அங்குல ரிம் மேல் ஆசை. ஒட்டன்சத்திரத்தில் டயர் கடை வைத்திருக்கும் வேலப்பன் போனில் விளக்கினார்:

"ரிம்மு பெருசானா டயரு மெலிசாகணும்க்கா. பாக்க ஜோரா இருக்கும், ஆனா ஒரே குழியில ரிம்மு வளைஞ்சுரும். ரெண்டும் பெருசா வேணும்னா மொத்தச் சக்கரமும் ஒசரும், மட்கார்டுல உரசும். இப்ப டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல எம்புட்டு எடம் கெடக்கு? நாலு விரக்கடை இருந்தா, தடி டயரோட பத்தொம்போதே தாங்கும். மூணுன்னா பதினேழு ரிம்முதான்."

மகாதேவி அந்த இடைவெளியில் ஒரு கேரட்டைப் பொருத்தி, சரியாக வெட்டினார். நான்கு விரற்கடை. அதைத் துணியில் சுற்றி, முத்துராஜ் லாரியில் கொடுத்தனுப்பினார்.*

* அளக்கிற டேப் வீட்டில் இருந்தது. நானும் கேட்டேன். "நம்பரைச் சொன்னா மாத்திச் சொல்லிருவாங்க சார். பொருளையே அனுப்பிட்டா மாத்த முடியாதுல்ல?" என்றார். காய்கறி வியாபாரத்தில் சாம்பிளை நம்பியே வாழ்கிறவர். அவரிடம் என்ன வாதாடுவது?

4

பத்து நாள் கழித்துக் கீழிருந்து பதினேழு அங்குல ரிம்கள் வந்தன. டயர் தடிமன்தான், ஆனால் மொத்தச் சக்கரம் அவர் நினைத்ததைவிடச் சின்னது. கார் ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது.

இங்கேதான் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. முத்துராஜைத் தேடிப் போனேன். லாரிக்கடியில் படுத்துப் போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தக் கேரட்டு..."

"பெருமாள்மலை தாண்டையில பசிச்சது சார். கை தானா போயிருச்சு. ஒரே கடிதான்."

"பிறகு?"

"பல்லுத்தடம் தெரியக்கூடாதுன்னு கத்தியால சீவிட்டேன். இதைக் கதையில போட்டுராதீங்க."

போட்டுவிட்டேன். மூட்டை மூட்டையாகக் கேரட் ஏற்றிய லாரியில், துணி சுற்றிய அந்த ஒன்றைத்தான் ஒரு மனிதனுக்குக் கடிக்கத் தோன்றுமா? பசியா, இல்லை மனைவி தன் லாரியை விட்டு இறங்குகிறாரே என்ற வயிற்றெரிச்சலா? "பசி" என்று எழுதினேன். அடித்தேன். "வயிற்றெரிச்சல்" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இரண்டும் வயிற்றில்தானே என்று விட்டுவிட்டேன்.

5

மன்னவனூரில் அவர் சொந்தத்தில் ஒரு வழக்கம். புது வண்டி கோயில் முன் நின்று பொட்டு வாங்கும்வரை, ஓட்டுகிறவரைத் தவிர வீட்டு ஆட்கள் யாரும் அதில் ஏறக் கூடாது. பழைய காரானாலும் அவர்களுக்குப் புதுசு. வழித்துணைக்கு, உறவில்லாத ஆளாக நான் அகப்பட்டேன்.

அதற்குள் இரண்டு முடிவுகளை எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கார் பூம்பாறை தாண்டிப் படுத்துவிடும், மகாதேவி தூரத்து மலையைப் பார்த்தபடி நிற்பார். இலக்கியத்தரமான முடிவு. படித்துக் காட்டினேன்.

"நான் எதுக்கு மலையப் பாக்கணும்? தெனமும் அதத்தான பாக்குறேன்" என்றார்.

இன்னொன்றில் ஊரே திரண்டு காரைத் தோளில் தூக்கிப் போகும். "அப்புறம் காரு எதுக்கு?" என்றார்.

6

போன வெள்ளிக்கிழமை வெள்ளனே கொடைக்கானலிலிருந்து கிளம்பினோம். குழிகளில் தடி டயர் தடுமாறாமல் ஏறி இறங்கியது. மகாதேவி காலை நீட்டி ஓட்டினார். கோயில் முன்னால் முத்துராஜ் குங்குமத்தோடு காத்திருப்பதாகப் போன் வந்தது.

ஊருக்கு முந்தின வளைவில், புதிதாகக் கட்டிய சின்னப் பாலத்தின் மேட்டில் காரின் வயிறு தட்டியது. பின்னால் எடுத்தார். மறுபடி தட்டியது. ஒரே ஒரு விரற்கடை குறைந்தது.

"அந்தக் கேரட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். வேலப்பன் டயரோட அதையும் திருப்பி அனுப்பிட்டாரு. நான் நேரா வெட்டுவேன். எங்க வீட்டுக்காரரு சீவுனா சாய்வா விழும்."

"கேக்கலையா?"

"கேப்பேன். மொதல்ல கோயிலுக்குப் போய்ச் சேரணும். பொட்டு வச்சு, இந்தச் சீட்டுல அவரை உக்கார வச்சு, காலை நீட்டச் சொல்லி, அப்புறம் கேப்பேன்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. வெரசா எறங்குங்க. உங்க எடைதான்."

என் சொந்தக் கதையிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். இறங்கினேன். கார் மூச்சு விட்டதுபோல் ஒரு விரற்கடை எழும்பியது. பழைய பட்டணத்து மெலிசு டயராக இருந்தால் இவ்வளவு தூரம் வந்தே இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார் மேட்டில் மெல்ல ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பனிக்குள் வளைந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வாசகரே, உங்களுக்கு எடை கிடையாது. அந்தச் சீட் காலியாகத்தான் இருக்கிறது. ஓடிப்போய் ஏறிக்கொள்ளுங்கள், காலை நீட்டிக்கொள்ளுங்கள். கோயில் வந்ததும் மட்டும் மறக்காமல் எழுந்துவிடுங்கள். அந்த இடம் முத்துராஜுக்கு. அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் யாராவது வந்து சொல்லுங்கள். நான் பாலத்து மேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.