பின்சக்கரம் கோட்டைத் தொடும்போது

சிங்காநல்லூரில் இறந்தவர்களோடு பேச விரும்புகிறவர்கள் ஆடி மாத முதல் சனிக்கிழமை தகுதிச் சுற்றில் தேற வேண்டும். குளத்தை ஒருமுறை சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் ஓடும் எந்த மோட்டாரின் மேலும் ஏறி வரலாம். பம்ப்செட், தையல் மிஷின், மாவரைக்கும் கிரைண்டர். முதலில் வந்தவரின் நேரத்தோடு ஏழு சதவீதம் கூட்டி வரம்பு போடுவார்கள். அதற்குள் வந்தவர்கள் மறுநாள் காலை புறப்பாட்டுக் கோட்டில் வேகத்தின் வரிசைப்படி நிற்கலாம். வெயில் ஏறுவதற்குள் இறந்தவர்கள் வந்து அவரவர் ஆட்களின் பக்கத்தில் நிற்பார்கள். முன்வரிசைக்குப் பேச்சு தெளிவாகக் கேட்கும். பின்வரிசைக்குப் புகை நடுவே வாயசைவு மட்டும் தெரியும். அதுவே போதும் என்று அழுதுகொண்டே வீடு திரும்புகிறவர்கள் உண்டு.

சென்னியப்பனுக்கு வாயசைவு போதாது. அவர் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே நடந்த கார்ப் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் அவர் நேரம் குறிப்பவராக இருந்தார். அவருடைய சிநேகிதன் குப்புராஜ் ஓட்டினார். முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் கடிகாரத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. சிநேகிதனுக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், குப்புராஜுக்கு மட்டும் சென்னியப்பன் பின்சக்கரம் தொடும்வரை காத்திருந்து நிறுத்தினார். கோட்டுக்கு முன்னால் திருப்பம் இருந்ததால் கார் மெதுவாகத்தான் கடந்தது. நொடியில் பத்தில் ஒரு பங்கு கூடிப்போனது. அந்த அளவிலேயே குப்புராஜ் தேறவில்லை.

எடுக்கப்பட்ட நேரம் எடுத்தவரிடமே தங்கும். சென்னியப்பன் அதை ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கடிகாரத்தோடு பீரோவில் வைத்திருந்தார். குப்புராஜ் கோளாறு இன்ஜினில் என்று நம்பினார். அதன் பிறகு அவர் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இன்ஜினைக் கழற்றி, தொலைந்த பத்தில் ஒரு பங்கைத் தேடினார். கார்புரேட்டரைத் துடைத்தார், வால்வுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் குத்தவைத்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் சென்னியப்பன். சொல்லிவிடலாம் என்று அவர் நினைத்த ஞாயிறுகள் பல. போன தை மாதம் குப்புராஜ் கையில் கிரீஸோடு இறந்துபோனார்.

தகுதிச் சுற்றுக்கு முந்தின வாரம் முழுக்க பேக்கரியில் அதே பேச்சாக இருந்தது. லேத் பட்டறை வைத்திருந்த நஞ்சப்பனுக்கு, ஆட்களை மூன்று கட்டமாக வடிகட்டும் முறை வர வேண்டும் என்று ஆசை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஸ்டெல்லா அதை ஒத்துக்கொள்ளவில்லை. துக்கத்தை மூன்று கட்டமாக வடிகட்டினால் என்ன மிஞ்சும் என்று கேட்டுவிட்டு, பன்னைப் பிட்டு டீயில் நனைத்தாள். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் மேடா பள்ளமா என்று இரண்டு மாலைகள் பேசினார்கள். சென்னியப்பன் கிரைண்டரில் ஓடப்போவதாகச் சொன்னதும் நஞ்சப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கிரைண்டரா? மாப்ளே, நீ திருப்பத்துல திரும்பறதுக்குள்ள மாவு புளிச்சுப் போயிரும்."

கல்லைக் கழற்றினால் பாரம் குறையுமே என்று சென்னியப்பன் கேட்டார். கல் இருந்தால்தான் கிரைண்டர், இல்லாவிட்டால் வெறும் டிரம், டிரம்முக்கு அனுமதி இல்லை என்று ஸ்டெல்லா விதியை எடுத்துச் சொன்னாள்.

சனிக்கிழமை பள்ளபாளையத்துப் பெண் ஒருத்தி இரண்டு குதிரைசக்தி பம்ப்செட்டில் ஒரு நிமிஷம் நாற்பது நொடியில் வந்தாள். அம்மாவிடம் ரசப்பொடி அளவு கேட்க வேண்டுமாம். ஆகவே வரம்பு ஒரு நிமிஷம் நாற்பத்தேழு நொடி. சென்னியப்பன் கிரைண்டர் மேல் குனிந்து உட்கார்ந்து, கல் உருளும் சத்தத்தோடு குளத்தைச் சுற்றி வந்தார். திருப்பத்தில் மேடுதான் இருந்தது. ஒரு நிமிஷம் நாற்பத்தேழு நொடி, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு.

மேஜையில் இருந்த அதிகாரி தலை நிமிராமல், எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார். "கைவசம் நேரம் ஏதாவது வெச்சிருக்கீங்களா? இருந்தா கழிச்சுக்கலாம்."

சட்டைப் பையில் டப்பா இருந்தது. டப்பா விஷயத்தை அந்த வாரம்தான் பேக்கரியில் கேட்டிருந்த நஞ்சப்பன், பின்னாலிருந்து இடுப்பில் இடித்தார். "குடுத்துட்டு உள்ள போ மாப்ளே. மன்னிப்புக் கேக்கறதுக்குக் கையில எதுக்குப் பொருளு?"

சென்னியப்பன் டப்பாவைப் பையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். கொடுத்தால் நாளைக்குக் கடைசி வரிசையில் நின்று, புகை நடுவே, வெறும் கையைக் காட்ட வேண்டும்.

"இருக்குதுங்க," என்றார். "ஆனா அது என்னுதில்லைங்க."

அதிகாரி பெயரை அடித்தார். அறிவித்துவிட்ட நேரத்தை மறுநாள் பதினோரு மணிக்கு மேல் மூடி வைத்திருக்கக் கூடாது, திறந்து விட்டுவிட வேண்டும் என்று சொல்லி ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஸ்டெல்லா கிரைண்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்து வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குளத்துப் பக்கமிருந்து மோட்டார்கள் நின்ற இடத்திலேயே முனகும் சத்தம் வந்தது. அங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள். குப்புராஜும் வந்து, பக்கத்தில் ஆளில்லாமல் நின்றிருப்பார். சென்னியப்பன் ரேடியோவை வைத்துப் பார்த்தார், பிறகு நிறுத்தினார். பதினோரு மணிக்குப் பழைய கடிகாரத்தை எடுத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து, அதை ஓடவிட்டு, டப்பாவின் மூடியைத் திறந்தார்.

குப்புராஜின் கார் தெருவில் திரும்பி, கேட்டைக் கடந்து, வாசலுக்கு வந்தது. முன்சக்கரம் நிலைப்படியைத் தொட்டது. சென்னியப்பன் கடிகாரத்தை நிறுத்தினார். இந்தத் தடவை சரியாக நிறுத்தினார். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

ஹெல்மெட்டுக்குள் குப்புராஜ் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் அவர் பெயரைச் சொன்னார், பின்சக்கரம் விஷயத்தைச் சொன்னார், முப்பத்தொரு வருஷத்தையும் சொன்னார். குப்புராஜ் திரும்பவில்லை. அவரைப் பொறுத்தவரை சுற்று இன்னும் முடியவில்லை. டப்பாவில் இருந்த நேரம் மெல்ல மெல்லத்தான் செலவானது. பின்சக்கரம் வாசல் கோலத்தின் மேல், ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை வீதம் நிலைப்படியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை சென்னியப்பன் பின்சக்கரம் நிலைப்படிக்கு வர எத்தனை நாள் என்று விரலால் அளந்து பார்த்துவிட்டு, பால்காரரைக் கூப்பிட்டு, கார்த்திகை முடியும்வரை பின்வாசல் வழியாக வரச் சொன்னார். கூட அரை லிட்டர் ஊற்றச் சொன்னார். குப்புராஜ் டீயில் பால் அதிகம் சேர்ப்பார்.