தறிக்குழி உள்ள வீடு

சங்கக் கூடத்தில் அன்று ஐந்து பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் மர நாற்காலியில் தெருச் சங்கத் தலைவர் வேணுகோபால். அவருக்கு இடப்பக்கம், செயலாளர் என்ற முறையில் தாளும் பேனாவுமாக நான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் விசைத்தறி வைத்திருக்கும் சுதாகர். சன்னலோரப் பெஞ்சில் கைத்தறி நெய்யும் ஜெயப்ரியா. வாசலை ஒட்டி, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தோதாக, ஏழாம் எண் வீட்டுக்குச் சொந்தக்காரரான தெய்வநாயகி அம்மாள்.

சுதந்திர தினத்தன்று முன்னாள் ராணுவ வீரர் ஒருவருக்குப் பட்டுச் சால்வை போர்த்துவதென்று முடிவு செய்து, தேசூர் தென்னரசுக்கு எழுதியிருந்தோம். எல்லையில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, இப்போது இங்கே ஆரணியில் வங்கி வேலை பார்ப்பவர். அவர் அனுப்பிய பதிலை நான் வாசித்தேன்.

"அழைப்புக்கு நன்றி. உங்கள் தெருவில் ஏழாம் எண் வீட்டை வாடகைக்குக் கேட்டிருந்தேன். தறி போடுகிறவர்களுக்குத்தான் என்றார்கள். என் மகள் ஆரணியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் என்னோடு வந்தவாசியில் பஸ் மாறி வருகிறாள், வகுப்பில் தூங்கிவிடுகிறாள். வீடு கிடைக்காத தெருவில் சால்வை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. மன்னிக்கவும்."

"நோட்டீஸ் அடிச்சாச்சே, என்ன பேஜாரு இது!" என்றார் வேணுகோபால்.

சுதாகர் சிரித்தான். "வூட்டக் குடுத்துடுங்கக்கா. கேன்டீன் சரக்கு தெருவுலயே கெடைக்கும்."

"மிலிட்டரிக்காரருன்னா ரம்முதானா உனுக்கு?" என்றாள் ஜெயப்ரியா. "காலங்காலமா அதயே கேட்டுகினு இருந்தீங்க. இப்ப அதுகூட ஒரு செல்ஃபி. அவ்ளோதான் வித்தியாசம்."

"அது தறிக்குழி இருக்கிற வூடும்மா," என்றார் தெய்வநாயகி. "எங்க மாமனார் காலத்துலேர்ந்து நெய்யறவங்களுக்குத்தான் விடறோம்."

"முன்ன இருந்த கண் டாக்டரு என்னாத்த நெஞ்சாரு? குழி மேல பலகை போட்டு, அதும் மேல கட்டில் போட்டுகினாரு. பலகை வாங்கிக் குடுத்ததே நீங்கதான்," என்றாள் ஜெயப்ரியா.

தெய்வநாயகி அம்மாள் எழுந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். நடுக்கூடத்துக்கு வந்து நின்றார்.

"ஆமா, தறின்னது சாக்குதான். எந்த ஊரு, ஊருல எந்தப் பக்கம்னு கேட்டேன். அவரு சொன்னதும், நெய்யறவங்களுக்குத்தான்னுட்டேன். ஆவணியில என் பொண்ணுக்கு நிச்சயம். அவங்கள குடி வெச்சா நீங்கள்லாம் என் வூட்ல கை நனைப்பீங்களா? மேடையில சால்வை போத்துவீங்க. பந்தியில பக்கத்து எலையில உக்காருவீங்களா? அத்த மொதல்ல சொல்லுங்க."

வேணுகோபால் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்கப்பா இருந்தா இந்நேரம் எழுந்து போயிருப்பாரு," என்றார். பிறகு, "நான் மொதல் பந்தியில உக்கார்றேன். தென்னரசு பக்கத்துலயே எல போடும்மா."

"நான் பரிமாறவே வரேன்க்கா," என்றான் சுதாகர். "சத்தியமா சரக்கு கேக்க மாட்டேன்."

"நீ பரிமாறனா பாயசம் பந்திக்கு வந்து சேராது," என்றாள் ஜெயப்ரியா.

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "எழுதிகினே இருந்தா எப்படி? நீங்க சொல்லுங்க."

"குடும்பத்தோட வரேம்மா," என்றேன். அவர் இந்தமுறை சன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

'நாட்டுக்காகத் தாங்கள் ஆற்றிய தன்னலமற்ற சேவை' என்று பதிலைத் தொடங்கினேன்.

"அது கெடக்கட்டும். மோட்டார் காலையில போடுவோம், தண்ணி புடிச்சி வெச்சிக்கச் சொல்லுங்க. குழி மேல பலகை ஒரு ஓரத்துல ஆடுது, புள்ள பாத்து நடக்கணும். சாவி ஜெயப்ரியாகிட்ட இருக்கும். நிச்சயத்துக்கு அவரு, சம்சாரம், புள்ள மூணு பேரும் வந்துடணும். இத்த எழுதுங்க ஜல்தியா," என்றார் அம்மாள்.

அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'சால்வை பற்றி, குடிவந்த பின் தங்கள் விருப்பம்போல்.' ஐந்து பேரும் கையெழுத்திட்டோம்.

"வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ தட்டிவுட்டா முடிஞ்சிது," என்றான் சுதாகர்.

"அவரு கடுதாசி எழுதியிருக்காரு. நாமளும் கடுதாசிதான் அனுப்பணும்," என்றேன்.

கோந்து பாட்டில் காய்ந்து கிடந்தது. ஜெயப்ரியா வீட்டிலிருந்து பாவு நூலுக்குப் போடும் கஞ்சிப் பசையைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். விரலால் தொட்டுத் தடவி உறையை ஒட்டினேன். தெரு முனைத் தபால் பெட்டிவரை தெய்வநாயகி அம்மாளும் கூடவே வந்தார். உறையை உள்ளே தள்ளினேன்.

"உள்ள விழுந்துச்சா?"

"விழுந்துடுச்சும்மா."