வாயைத் திறக்காத சோதனை

இணையதளத்தைப் பிறரிடம் கொடுத்துச் சோதிக்கும்போது அதை உருவாக்கியவன் வாயைத் திறக்கக் கூடாது என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தே அலுவலகத்தில் ‘வாத்தியார்’ என்று பெயர் வாங்கியவன் அவன். நூலகத்துக்காகப் புதுப்பித்த தளத்தைச் சோதிக்கத் தையல்கார அம்மா ஒருவரை அழைத்து, ஒரு புத்தகத்தை முன்பதிவு செய்யச் சொன்னான். அம்மாவின் விரல் கொஞ்சம் தயங்கியது.

“மேல பாருங்கம்மா” என்றான். “அது இல்லம்மா, பக்கத்துல.” கடைசியில் மவுஸையே பிடுங்கிக்கொண்டான்.

மறுநாள் அலுவலகமே கூடிச் சோதனையின் ஒலிப்பதிவைக் கேட்டது. அரை மணி நேரமும் அவன் குரல்தான். அம்மா இரண்டு தடவை இருமியிருந்தார்.

மேலாளர் அம்மாவின் கருத்துப் படிவத்தை வாசித்தார்: “ரொம்ப சுலபமா இருக்கு. வீட்டுக்கும் அந்தத் தம்பிய அனுப்பி வைங்க.”