கண் திறந்த வேண்டல்

மேல்வானின் செம்மை மெல்லக் கரைந்து, கூரைகளின்மேல் சாம்பல் நிறம் படர, பகலெல்லாம் இரைந்த நகரம் அழுது களைத்த குழந்தைபோல் அடங்கிவரும் அந்தி வேளை. தையற்காரர் தெருவின் கடைக்கோடி வீட்டிலும் தையற்பொறிகளின் ஓசை ஓய்ந்தது. அளவுநாடாவைக் கழுத்திலிருந்து கழற்றாமலே மூத்த மருமகள் மாலை வேண்டலுக்கு முழந்தாளிட்டாள், எதிரே ஓரகத்தி, பக்கத்தில் கணவன்மார். சுவரோரம் கயிற்றால் கட்டிய இரு பெட்டிகள். விடிந்தால் இளையவள் தனிக்குடித்தனம் போகிறாள். போகட்டும் என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்ட மூத்தவளின் நெஞ்சு, அப்பெட்டிகளைப் பார்க்க அஞ்சியது.

அன்பரே, இக்கசப்பு ஒரு மணப்பெண்ணின் அங்கியில் தொடங்கியது. இளையவள் அதை ஒரு சாண் குறைய வெட்டிவிட்டாள். முகத்துக்கு நேரே கடிதல் பண்பாகாது என்றெண்ணிய மூத்தவள், அன்று மாலை அதனை இறைவன் முன் வைத்தாள்.

"ஆண்டவரே, அளவெடுக்காமலே கத்தரியைத் தூக்குற கைக்குப் பொறுமையைக் கொடுங்க."

மறுநாள் இளையவளின் முறை.

"ஆண்டவரே, ஒரே தப்பை மென்னுக்கிட்டே இருக்கிற வாய்க்கு நீங்களே ஒரு பூட்டுப் போடுங்க."

இளையவளின் கணவன் சிரிப்பை இருமலில் மறைத்தான். அன்றுமுதல் நூல் கேட்கவும் நேரே பேசாத இருவரும், கண்ணை மூடியபின் மட்டும் சரமாரியாகப் பேசினர். வானை நோக்கி வில் வளைத்தாலும் தைக்குமிடம் அறிந்தே எய்பவன் அம்புபோல், ஒவ்வொரு வேண்டலும் எதிரிருந்த நெஞ்சையே நாடியது.

இன்று மூத்தவள் முறை. "ஆண்டவரே, வீட்டை விட்டுப் போறவங்களுக்கு..." என்று வாழ்த்தத் தொடங்கியவள், அச்சொல்லிலும் முள் இருக்கக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். எத்தனை மாலை இப்பெயரை அழைத்தோம். அழைத்தவரிடம் ஒரு சொல்லேனும் பேசினோமா? மூடியே பழகிய கண்களை அவள் திறந்தாள். எதிரே, மூடிய இமைகளோடு, அடுத்த அடிக்காகத் தோளைக் குறுக்கிக் காத்திருந்தாள் இளையவள்.

"ஏய், இங்க பாருடி. அவரைச் சாக்கு வச்சு உன்னைத்தான் குத்திக்கிட்டிருந்தேன். மன்னிச்சிடு. போகாதே."

"ஜெபத்துக்கு நடுவுல பேசக்கூடாதுக்கா," என்றாள் இளையவள், கண் திறவாமலே. குரல் உடைந்திருந்தது.

"வேற எப்ப நீ என் பேச்சைக் கேட்டே?"

இளையவளின் கண்கள் நனைந்து திறந்தன.

"நானும் சும்மாவா இருந்தேன்? ஆனா பெட்டி கட்டியாச்சேக்கா."

"கயிறுதானே? வெட்டிட்டாப் போச்சு."

"அளவெடுத்துட்டு வெட்டுங்க."

சிரிப்படங்கியபின் மூத்தவள் மீண்டும் கண்மூடி, "ஆண்டவரே" என்றாள். அதற்குமேல் சொல் எழவில்லை. அருகிருந்தவளிடம் சொல்ல வேண்டியதை அவளிடமே சொல்லி முடித்த நெஞ்சு, முதன்முறையாக இறைவன்முன் வெறுங்கையோடு நின்று, அவ்வெறுமையையே வேண்டலாக வைத்தது.